இடுப்புக்குக் கீழே மன்னர் வேண்டாம்

ஃபிளெக்ஸ் வந்தபின் பேனர், கட்-அவுட் வேலை போன ஓவியர்கள் பலருக்கு, 2010-ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி எடுத்த சுவரோவிய வேலை கை கொடுத்தது. போஸ்டர் ஒட்டாமலிருக்க அண்ணா சாலைச் சுவர்களில் வரலாற்று, பண்பாட்டுக் காட்சிகள் ஏறின. கை தேர்ந்த கைதான், கோளாறு சுவரில்.

சுற்றுச்சுவர் ஆறடி உயரம் என்று வையுங்கள். அதில் அரசவை வரைந்தால் ஆள் நாலடி, முகம் ஒரு சாண்கூட வராது. பேருந்தில் போகிறவருக்கு அது வெறும் வண்ணத் திட்டு. கீழ் இரண்டடிதான் முதலில் போகும். மண்ணின் ஈரம் மேலேறி உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளித்து உதிரும். சிறுநீர் தனிக் கதை. எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம்: சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், ஈரம் வெளியேறவும் வழியிருக்காது. தடையை மீறி ஒட்டிய போஸ்டரைக் கிழித்தால், மைதாப் பசையோடு மன்னரின் மூக்கும் வந்துவிடும்.

சுவரைத் தயார்செய்வதில் சுருக்குவழி இல்லை. பழைய பூச்சைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். புதுச் சிமெண்ட் பூச்சென்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட், இடையில் நாலு மணி நேரம். இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 50 சதுர அடி என்று கணக்கு வைத்தால் ஏமாற மாட்டீர்கள். சுவரை வழவழப்பாக்க வீட்டுக்குள் பூசும் பட்டியை (புட்டி) மட்டும் வெளியில் பூசாதீர்கள். மழையில் ஏடு ஏடாகப் பெயரும்.

2020-இல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓவியம் மாடி உயரத்துக்குப் போனது. அரசவைக்குப் பதில் அங்கேயே வாழ்பவர்களின் முகங்களும் வந்தன. வரையும் முறையும் வேறு. சின்னச் சுவரென்றால் தாளில் ஓர் அங்குலத்துக்குச் சுவரில் ஓரடி என்று நூல் அடித்துக் கட்டம் போடலாம். நாற்பதடிச் சுவரில் காற்று நூலை இழுக்கும். அதனால் சுவர் முழுக்கக் கண்டபடி எழுத்துகளைக் கிறுக்கி, போட்டோ எடுத்து, செல்போனில் அந்தப் போட்டோமேல் வரையவேண்டிய படத்தைப் பொருத்திக்கொள்வது வழக்கம். காதுமடல் எந்த ‘ழ’வுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் கோடு விழும், சாரத்தில் நிற்பவருக்குக் கண் எது, கன்னம் எது என்றே தெரியாது.

நிறத்திலும் முகத்துக்கே லாபம். காவி, பழுப்பு, கறுப்பு ஆக்ஸைடுகள் வெயிலுக்கு நிற்கும். பளீர்ச் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் மேற்குப் பார்த்த சுவரில் சீக்கிரம் வெளிறிவிடும். அரசவைப் பட்டாடையில் பாதி அந்த நிறங்கள்தான். இனி மன்னரைக் கேட்டு வேலை வந்தால், தரையிலிருந்து இரண்டடிக்கு வெறும் காவிப் பட்டை அடித்துவிட்டு, அதற்கு மேல் மன்னரை மார்பளவில், தனியாக வரையலாம்.