குறைந்த புள்ளிக்காரருக்கே கோப்பை

பாய்மரப் படகுப் பந்தயங்களில் பருவம் முழுவதும் புள்ளிக் கணக்கு எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் கூட்டுத்தொகை குறைவாக இருப்பவரே வெற்றியாளர்.

பொதுவாக ஒருவரின் மிக மோசமான முடிவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம். காற்று செத்துப்போன ஒரு நாள் முழுப் பருவத்தையும் கெடுத்துவிடக் கூடாதல்லவா! ஆனால், கணக்கிலிருந்து நீக்கவே முடியாத தகுதி நீக்கமும் உண்டு. அது கடைசிவரை கூடவே வரும்.

சமநிலை வந்தால்தான் சுவாரசியம். ஒருவர் 1, 4, 3, 2. மற்றவர் 2, 2, 3, 3. இருவருக்கும் 10 புள்ளிகள். அவரவர் முடிவுகளைச் சிறந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால், முதல் வித்தியாசத்திலேயே தீர்ப்பு வந்துவிடும்: ஒரு முதலிடம் வைத்திருப்பவர் முன்னால் போவார். அப்படியும் பிரியாவிட்டால் கடைசிப் பந்தயத்தில் யார் முந்தினார் என்று பார்ப்போம்.

நீண்ட பருவத்துக்கு ஏற்ற ஒரு விதி இருக்கிறது. 30 படகுகள் பதிவு செய்து, ஒரு நாள் 12 மட்டும் தொடக்கப் பகுதிக்கு வந்தால், வந்தும் முடிக்க முடியாதவருக்கு 13 புள்ளிகள், வராதவருக்கோ 31. போட்டி அறிவிப்பிலோ பந்தய அறிவுறுத்தல்களிலோ குறிப்பிட்டிருந்தால்தான் இது செல்லும். ஒவ்வொரு பருவத் தொடரிலும் இதைச் சேர்க்க வேண்டும் என்பேன். பலத்த காற்றில் பாய் கிழிந்து திரும்பியவரையும் கரைக்கே வராதவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.