அம்மாவின் நாடி

திருமங்கலம் வீட்டுத் திண்ணையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிக்கிற மாதிரி இருக்குய்யா" என்றார். பக்கத்து கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் திரும்பவும் படபடப்பு வர, மதுரைக்கு இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் முதலில் மணிக்கட்டைப் பிடித்தார், ஒரு நிமிடம் முழுக்க. அப்புறம் என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு துடிப்பு ஒட்டி வந்தது, ஒரு இடைவெளி, சட்டென்று மூன்று. எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. ஈசிஜி எடுத்ததும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றனவாம்.

ஏன் வந்தது? சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்; அது வால்வைக் கெடுத்திருக்கலாம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் வால்வு நன்றாக இருந்தது, இடது மேலறை மட்டும் கொஞ்சம் பெரிது. தைராய்டும் சரி. மிஞ்சியது 68 வயதும், 12 வருடப் பிரஷரும், சுகரும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அம்மா அடிக்கடி பிரஷர் மாத்திரையை நிறுத்தியதைக் கண்டுகொள்ளாமல் விட்டேனே என்று மனது அடித்துக்கொண்டது.

படபடப்பை விட டாக்டர் பயந்தது பக்கவாதத்துக்கு. இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போல ஓரிடம் உண்டு. அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம். இந்த நோயில் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அந்த அபாயத்துக்கான புள்ளிக் கணக்கைச் சீட்டின் பின்பக்கம் போட்டுக் காட்டினார். 65 தாண்டியதற்கு 1, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, பெண் என்பதால் 1. மொத்தம் 4. வயது 75 ஆனால் அதற்கே 2. முன்பு பக்கவாதம் வந்திருந்தாலும் 2. பெண்ணுக்கான புள்ளியை இப்போது சிலர் சேர்ப்பதில்லை. அதைக் கழித்தாலும் 3, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும்.

"ஆஸ்பிரின் போதாதா டாக்டர்?"

"இந்தக் கட்டியை அது சரியாத் தடுக்காது. ரத்தக்கசிவு அபாயம் மட்டும் இருக்கும்."

கிட்னி டெஸ்ட் பார்த்து அளவு முடிவு செய்து, ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் மாத்திரை தினம் இரண்டு வேளை எழுதினார். வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தால் வார்ஃபரின் என்ற வேறொரு மாத்திரைதானாம், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் அடிக்கடி பார்த்து அதை 2க்கும் 3க்கும் நடுவில் வைக்க வேண்டும்.

பத்து நாளில் படபடப்பு அடங்கியது. "இனி எதுக்குய்யா மாத்திரை?" என்றார் அம்மா. அடங்கினாலும் அபாயம் போகாது என்று பொறுமையாகச் சொன்னேன். இப்போது ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட்டால், "போட்டாச்சுய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு.