21 நாள் கணக்கில் ஒரு தையற்கடை

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, அடுத்தது கீமோ என்றதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஆறு மாசத்துக்கு மெஷினை மூடி வை." எங்கள் வீட்டுச் செலவில் பாதி, முன்னறையில் நான் தைக்கும் பிளவுஸில்தான் ஓடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. மருந்துச் செலவு அதில் போய்விட்டது. மதுரைக்குப் போய்வரும் செலவு, பையன் படிப்புச் செலவு, தைக்காத நாளின் கூலி இதெல்லாம் அட்டையில் வராது. அதனால் மெஷினை மூடவில்லை. கைவேலை செய்து பிழைக்கும் பெண்கள் யாராவது இதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒரு முறை, நான்கு சுற்று. அதன் பிறகு வாரம் ஒரு முறை பாக்லிடாக்செல், 12 வாரம். டாக்சோரூபிசினை வார்டில் சிவப்பு ஊசி என்பார்கள். போட்ட அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம்.

ஊசி போட்டு வந்த முதல் இரண்டு நாள் உடம்பு துறுதுறுவென்று இருக்கும், ராத்திரி தூக்கம் வராது. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு செய்கிற வேலை அது. அந்தத் தெம்பை நம்பி யாருக்கும் தேதி சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். புதுத் துணியின் கஞ்சி வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் குமட்டும். அந்த வாரம் மெஷின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடிவிடுவேன். நோட்டைப் பார்த்து யாருக்கு எது பாக்கி என்று போனில் பேசுவதோடு சரி.

இரண்டாவது வாரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வாய்க்கு ருசி தெரிய ஆரம்பிக்கும், நடக்க முடியும், சரியாகிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைதான் வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும். சின்னக் கிருமியும் அப்போது பெரிய ஆபத்து. அளவு கொடுக்க வருகிறவர்கள் இருமலும் சளியுமாய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், வராதே என்று சொல்ல முடியாது. அளவுச் சட்டையையும் துணியையும் ஒரே பையில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். எதற்கு என்றும் மறைக்காமல் சொன்னேன். "அதுக்கென்னக்கா, நீங்க உடம்பப் பாருங்க. எனக்கு தீபாவளிக்குக் கெடச்சாப் போதும்" என்று ஒரு பெண் சொன்னாள். காரணம் தெரிந்த பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்த வாரத்தில் ஹெம்மிங், கொக்கி கட்டுவது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது என்று உட்கார்ந்த இடத்துக் கைவேலை மட்டும். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. எனக்கு இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, வெட்டோ சூடோ படக் கூடாது, மீறினால் கை வீங்கலாம் என்று நர்ஸ் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். தையல்காரிக்குத் துணியைப் பிடித்துத் தள்ளிக் கொடுப்பதே இடது கைதான். விரலில் மாட்டும் உலோகத் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டேன். அயர்ன் பண்ணுவதை மதினி எடுத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் குளிர் நடுங்கியது. தெர்மாமீட்டரில் 101. மாத்திரை போட்டுப் படுத்தால் காலையில் சரியாகும் என்றார் அயித்தை. கீமோவில் இருக்கும்போது 100.4 வந்தாலே விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். "கீமோ ஓடிக்கிட்டிருக்கு, ஊசி போட்டுப் பத்து நாளாச்சு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். என்னை உடனே உள்ளே எடுத்து, இரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் மறுநாள் வெள்ளணு ஏற வயிற்றில் ஓர் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் குடைந்தெடுக்கும், ஆனால் அந்தக் காய்ச்சல் திரும்பவில்லை.

மூன்றாவது வாரம் என் வாரம். வெட்டுவது, லைனிங் வைப்பது, மெஷினில் ஓட்டுவது எல்லாம் அப்போதுதான். அடுத்த ஊசிக்கு முன்னால் இரத்தம் பார்ப்பார்கள், கவுண்ட் (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறவில்லை என்றால் ஊசியைத் தள்ளிவைப்பார்கள். எனக்கும் ஒரு முறை தள்ளிப்போய், நான் போட்டு வைத்திருந்த கணக்கு மொத்தமும் குலைந்தது. அதிலிருந்து முகூர்த்தப் பிளவுஸ் என்றால் ஒரு வாரம் சேர்த்துத்தான் தேதி சொன்னேன். நடுவில் ஆடி வந்ததால் கல்யாணத் துணி குறைவு, அது ஒரு பாக்கியம். முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரம் தொடங்கும்போதே முடி கொட்ட ஆரம்பித்தது. அடுத்தவர் பட்டுத் துணியில் என் முடி ஒட்டியதைப் பார்த்த அன்றே மொட்டை போட்டுக்கொண்டேன்.

பாக்லிடாக்செல் வந்ததும் குமட்டல் குறைந்துவிட்டது. வேறொன்று ஆரம்பித்தது. விரல் நுனி மரத்தது. ஊசியில் நூல் கோப்பது தட்டுப்படவில்லை, பாபினை மாட்டினேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கால் விரல்களும் மரத்ததில் பெடலை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது தெரியாமல் மெஷின் திடீரென்று பாயும். செருப்பைக் கழற்றி வெறுங்காலில் மிதித்துப் பார்த்தேன், வித்தியாசமில்லை. மோட்டாரை எடுத்துவிட்டுப் பழையபடி கால் மிதிக்கு மாறினேன். அதில் இரண்டு பாதமும் பலகை முழுக்கப் பதியும், வேகம் என் கட்டுக்குள் இருந்தது.

"சட்டைப் பொத்தான் போட முடியுதாம்மா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். கூட்டத்தில் பலரும் முடியுது என்று தலையாட்டிவிட்டு நகர்வார்கள், மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். நான் தையல்காரி, கொக்கி கட்ட முடியவில்லை என்று விவரமாகச் சொன்னேன். அளவைக் குறைத்தார். இந்த மரப்பு சிலருக்கு மாதக்கணக்கில் குறையும், சிலருக்கு நிலைத்தே போகும். அதனால் முதலிலேயே சொல்வது முக்கியம். உங்கள் தொழில் என்ன என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். மருந்து ஏறும் நேரத்தில் கைக்குக் குளிரூட்டிய உறை மாட்டினால் மரப்பு குறையலாம் என்று சில ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். உங்கள் இடத்தில் உண்டா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ் எடுக்கிறேன். மணி கோப்பதும் ஆரி வேலையும் இன்னும் எடுக்கவில்லை. அந்தத் துணிகளை அடுத்த தெருப் பெண்ணிடம் கொடுத்து, அதற்கான கூலியை முழுசாக அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்.