லாஸ் வெந்தாஸில் மூன்று காளைகள்

மாட்ரிட் நகரின் லாஸ் வெந்தாஸ் காளைச்சண்டை அரங்குக்கு வெளியே, பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் மார்பளவுச் சிலை ஒன்று உள்ளது. அதன் முன்னால், காளையை வாளால் கொல்லும் வீரரான மட்டடோர் ஒருவர் வெண்கல உருவில் தொப்பியை உயர்த்தி வணக்கம் செலுத்துகிறார். கொம்பு கிழித்த புண் சீழ்பிடித்து வீரர்கள் மாண்டுபோன காலம் அந்த மருந்தால் முடிவுக்கு வந்தது என்பதற்கான நன்றி அது. மே மாதத்துச் சான் இசித்ரோ விழாவின் ஒரு மாலையில், அந்தச் சிலையைக் கடந்து நான் உள்ளே சென்றேன்.

1931இல் திறக்கப்பட்ட அந்த வட்ட அரங்கில் ஏறக்குறைய 23,000 பேர் அமரலாம். நிழல் பக்கத்து இருக்கைக்கு விலை அதிகம் என்பதால் வெயில் பக்கத்தில் இடம் வாங்கியிருந்தேன். மூன்று மட்டடோர்கள், ஆறு காளைகள், ஒவ்வொரு காளைக்கும் ஏறக்குறைய 20 நிமிடங்கள். முதலில் குதிரைமேல் வரும் பிகாடோர், காளை தலையைத் தாழ்த்தும்படி அதன் பிடரித் தசையில் ஈட்டியைப் பாய்ச்சுகிறார். அடுத்து, வண்ணத்தாள் சுற்றிய முள்குச்சிகள் இரண்டிரண்டாக அதே இடத்தில் செருகப்படுகின்றன. கடைசியில் சிவப்புத் துணியும் வாளும். காளை துரத்துவது துணியின் அசைவையே. சிவப்பைப் பிரித்தறியும் கண் அதற்கு இல்லை. அந்த நிறம் இருக்கைகளில் இருக்கும் நமக்காகத்தான்.

இரண்டாவது காளை மட்டடோரின் இடுப்பை உரசியபடி மிக மெதுவாகச் சுற்றிவந்தபோது அரங்கமே மூச்சடக்கியது, நானும் அடக்கினேன். அந்தக் கணத்தில் அழகு இருந்தது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஸ்பானிய நாளிதழ்கள் இதை விளையாட்டுப் பக்கத்தில் போடாமல் கலைப் பக்கத்தில் எழுதுவதற்கான காரணமும் அப்போது விளங்கியது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் நிதானமான ஆங்கிலத்தில் ஒரு செய்தி சொன்னார். துணி பிடித்துத் தரையில் நிற்கும் மனிதனை இந்தக் காளை இதற்கு முன் சந்தித்ததே இல்லையாம்; அப்படித்தான் வளர்ப்பார்களாம். ஒருமுறை சந்தித்துவிட்டால் துணியை விட்டு மனிதனைத் தேடக் கற்றுக்கொள்ளும் என்பதால், அதை மறுபடி அரங்கில் இறக்க மாட்டார்களாம். அவர் இதைப் பெருமையோடுதான் சொன்னார். எனக்கோ அதன்பின் பார்வை மாறிவிட்டது. எதிராளி ஆட்டத்தைப் புரிந்துகொள்வதற்குள் கொன்றுவிட வேண்டும் என்பது விதியானால், நான் எதைப் போட்டி என்று எண்ணி மூச்சடக்கினேன்?

பிகாடோரின் குதிரைக்குத் தடித்த கவசம் போர்த்தியிருந்தார்கள். அது கட்டாயமானது 1928இல். அதுவரை குதிரைகள் குடல் சரிந்து மணலில் விழுவதும் மக்கள் கண்முன் நடந்ததுதான். அதைப் பார்க்க இன்று யாரும் சீட்டு வாங்க மாட்டார்கள். ஸ்பெயினின் ஒரு பகுதியான கத்தலோனியா, காளைச்சண்டைக்கு எதிராக 2010இல் இயற்றிய தடைச் சட்டத்தை 2016இல் ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் ரத்துசெய்தது. சட்டம் எப்படியும் போகட்டும், பார்ப்பவரின் கண் ஒருமுறை மாறியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மனிதனுக்கு மருந்து வந்தது, குதிரைக்குக் கவசம் வந்தது.

மூன்றாவது காளைக்கு வாள் இருமுறை எலும்பில் தட்டி வெளியே தெறித்தது. கூட்டம் சீழ்க்கையடித்தது, மட்டடோரின் பிழைக்காக. காளை வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. பிறகு கோவேறு கழுதைகள் அதை இழுத்துச் சென்றன. ஆட்கள் மணலைச் சமன் செய்தார்கள்.

நான்காவது காளைக்கான எக்காளம் ஊதுமுன் எழுந்தேன். பெரியவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு, உடம்புக்கு முடியவில்லையா என்று அக்கறையோடு கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.