பனி எவ்வளவு ஆழம்? – தோக்கியோவில் ஷிகியின் வீடு

உகுயிசுதானி, தோக்கியோவின் யமனோதே ரயில் தடத்தில் உஎனோவுக்கு அடுத்த நிலையம். வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் மணிக்கணக்கில் அறை விடும் லவ் ஹோட்டல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்தச் சந்துகளில் மேப்பும் கையுமாகச் சுற்றும் வெளிநாட்டுக்காரனைப் பற்றி யார் என்ன நினைத்தார்களோ! கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் சத்தம் அடங்கி, நெகிஷி என்ற பழைய குடியிருப்பு வந்துவிடுகிறது. அங்கேதான் இருக்கிறது ஷிகி-ஆன். நவீன ஹைக்கூவுக்கு வழி திறந்த மசாவோகா ஷிகி, 1894 முதல் சாகும்வரை அம்மாவோடும் தங்கையோடும் குடியிருந்த சின்ன மரவீடு. அசல் வீடு 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1950இல் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியது.

ஷிகி 1867இல் மத்சுயாமாவில் ஒரு சாமுராய் வீட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பா போய்விட்டார். தோக்கியோவில் படிக்க வந்த இடத்தில் பேஸ்பால் பைத்தியம் பிடித்தது. உஎனோ பூங்காவில் இன்றும் அவர் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது; வசந்தக் காற்றில் புல்வெளியைப் பார்த்தால் பந்தெறியத் தோன்றுகிறது என்ற அவருடைய ஹைக்கூவைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். 1889இல் இருமலோடு இரத்தம் வந்தது. படிப்பைப் பாதியில் விட்டு ‘நிஹோன்’ நாளிதழில் சேர்ந்தார். 1895இல், வேண்டாம் என்று சொன்னவர்களையும் மீறி, போர்ச் செய்தியாளராகச் சீனாவுக்குப் போனார். திரும்பும் கப்பலிலேயே மோசமாக இரத்தம் கக்கினார். காசநோய் முதுகெலும்புக்குள் இறங்கியது. அதன் பிறகு பெரும்பாலும் படுக்கைதான்.

படுத்திருந்த அறை தோட்டத்தைப் பார்த்தது. அங்கே ஒரு தாழ்வான மேசை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். நீட்ட முடியாமல் போன இடது காலை மடக்கிவைக்க அந்த இடைவெளி. கால் எட்டுமளவு இருந்த இந்த உலகத்தைத்தான் ‘ஆறடிப் படுக்கை’ என்று பெயரிட்டு 1902இல் நாளிதழில் தொடராக எழுதினார். 127 பகுதிகள். கடைசிப் பகுதி வெளிவந்த இரண்டாம் நாள் இறந்தார், வயது 34.

அறையில் உட்கார்ந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது 1896இல் அவர் எழுதியது:

மறுபடி மறுபடி
கேட்டுக்கொண்டே இருந்தேன்
பனி எவ்வளவு ஆழமென்று

புத்தகத்தில் படித்தபோது இது தனிமையின் கவிதையாகப்பட்டது. அந்தப் பாயில் உட்கார்ந்தபோது வேறொன்று உறைத்தது. கேட்டால் யாரிடம் கேட்டிருப்பார்? எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல ஒருவர் வேண்டுமே. அம்மா யயே, இல்லையென்றால் தங்கை ரித்சு. கவிதையில் அந்த ஆளைக் காணோம். அம்மாவுக்காவது ஒரு ஹைக்கூ உண்டு: ‘வருஷா வருஷம் இப்படித்தானே, ஹிகான் (வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டிய வாரம்) தொடங்கும்போது குளிரத்தான் செய்யும்’ என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதையே எடுத்துக் கவிதையாக்கிக்கொண்டார்.

அப்போது கதவில் இருந்தது காகிதம். வெளியே பார்க்க முடியாது. 1899 டிசம்பரில் சீடர் கியோஷிதான் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு தோட்டம் படுத்தபடியே தெரிந்தது. மறுவருடம் எழுதிய ஹைக்கூ இது: ‘கோழிக்கொண்டைப் பூ, பதினான்கோ பதினைந்தோ இருக்கும்.’ அவ்வளவுதான். இது கவிதையா என்ற சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. ஏழெட்டு என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. கண்ணாடி கொடுத்த கியோஷியே பிறகு தான் தொகுத்த ஷிகி தேர்வில் இதைச் சேர்க்கவில்லை. தலையணையிலிருந்து பார்த்தால் அந்த எண்ணிக்கை சரிதான் என்று எனக்குப் படுகிறது. எழுந்துபோய் எண்ண முடியாதவனின் கணக்கு அது.

எதிர்ச்சாரியில் எழுத்துக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நிறுவிய ஓவியர் நகாமுரா ஃபுசெத்சு ஷிகியின் நண்பர். கண்ணால் கண்டதைக் கோட்டுப்படம்போல் அப்படியே எழுது என்ற ஷிகியின் கொள்கை பிறந்ததில் இவருக்குப் பெரிய பங்கு. நேரம் இருந்தால் நுழையுங்கள்.

ரித்சுவுக்கு வருகிறேன். இரண்டு முறை மணமுடித்து இரண்டும் முறிந்து அண்ணனிடம் வந்தவர். தினமும் சீழ்ப்புண்களுக்குக் கட்டு மாற்றியவர் அவர்தான். தன் அந்தரங்க நாட்குறிப்பில் 1901இல் ஷிகி அவரைக் கல், மரம் போல இரக்கமற்ற பெண், கடமைக்குச் செய்கிறாள் என்று திட்டுகிறார். அடுத்த மூச்சிலேயே, தாதி, சமையல்காரி, காரியதரிசி எல்லாம் இவள் ஒருத்தியே, ஒருநாள் இல்லாவிட்டால் நான் பிழைக்க மாட்டேன் என்கிறார். ஊறுகாயோடு சோற்றை முடித்துக்கொள்வாள் என்றும் எழுதுகிறார். அதே நாட்குறிப்பில் இவர் சாப்பிட்ட பச்சைமீன், பழம், பலகாரப் பட்டியல்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

தோட்டத்துப் பந்தலில் இன்றும் நுரைப்பீர்க்கு ஏற்றியிருக்கிறார்கள். அதன் தண்டிலிருந்து வடியும் நீர் சளிக்கு மருந்து என்பது அங்கே நம்பிக்கை. 1902 செப்டம்பர் 18 காலை, ரித்சு பலகையைக் கொண்டுவர, சீடர் ஹெகிகொதோ தூரிகையை நனைத்துக் கையில் கொடுக்க, பீர்க்கு பற்றி மூன்று ஹைக்கூ எழுதினார். சளி ஒரு குடம், பீர்க்கு நீரும் பயன்படவில்லை என்கிறது ஒன்று. சாகிறவனின் நையாண்டி! மறுநாள் பின்னிரவில் உயிர் பிரிந்தது. உடலைத் தொட்டு அம்மா, ‘எங்கே, இன்னொரு தடவை வலிக்குதுன்னு சொல்லு பார்க்கலாம்’ என்றாராம்.

அடுத்த ஆண்டு ரித்சு முப்பது தாண்டிய வயதில் தொழிற்பள்ளியில் சேர்ந்து படித்து, அங்கேயே ஆசிரியை ஆனார். 1941இல் இறந்தார்.

கல்லறை தபாதாவில், தைர்யூஜி கோவிலில்; அதே ரயிலில் மூன்று நிலையம். தனக்கான கல்லெழுத்தை ஷிகி 1898லேயே எழுதிவைத்திருந்தார். பல புனைபெயர்கள், பிறந்த ஊர், வாழ்ந்த நெகிஷி, அப்பாவின் பதவி, அம்மா வளர்த்தது, நாளிதழ் ஊழியர். ஹைக்கூ என்ற பேச்சே இல்லை. ரித்சுவும் இல்லை. கடைசி வரி: மாதச் சம்பளம் 40 யென். 1892இல் சேர்ந்தபோது அது 15 யென்தான். மூன்று பேர் சாப்பிட வேண்டிய வீடு. அந்த வரியை விளையாட்டாக எழுதியிருக்கிறார் என்பவர்களும் உண்டு, எனக்கென்னவோ பெருமையாகவே எழுதியதாகத் தெரிகிறது.