ஸ்கேலில் நின்ற நிறம்

நம் ஊட்டிப் பள்ளியின் இயற்பியல் சார் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது எடின்பரோ ஆய்வகத்தில், ஒளியைக் கொண்டுசெல்லும் மெல்லிய கண்ணாடி இழையான ஒளியிழைச் சுருளோடு உட்கார்ந்திருந்தேன். விரலால் இழையை மெல்ல வளைத்தேன்; திரையில் கோடு சரிந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஊட்டி வராந்தா கண்முன் வந்தது.

பிளஸ் ஒன், ஜூலை மாதம். வகுப்புக்குள் மேகம் வந்து உட்காரும் நாட்கள், கூடப் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சார் லாகரிதம் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாளில் இரண்டு துண்டுகளை எடுத்துக் குறுக்காக வைத்தார். இருட்டு. நடுவே பிளாஸ்டிக் ஸ்கேலைச் செருகினார். மயில்கழுத்து நிறங்கள்!

"நிறம் எங்கிருந்துடா வந்தது?"

"பிளாஸ்டிக்ல சாயம் இருக்கு சார்."

"பார்க்காமலே பதில் சொல்றியா? இதையெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய போய் நின்னு பாரு."

மணி அடித்தும் விடவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். அழுகையும் குளிருமாக, உடைத்துவிடும் கோபத்தில்தான் ஸ்கேலை வளைத்தேன். நிறங்கள் நகர்ந்தன. விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பின.

அப்புறம் சார் வந்தார். தன் மஃப்ளரை என் கழுத்தில் சுற்றிவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். இறுக்கமுள்ள இடத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து இரண்டு வேகத்தில் போகிறது. ஒன்று பின்தங்குவதால் தளவிளைவு, அதாவது ஒளி அதிரும் விதம், மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது நிறத்துக்கு நிறம் வேறு.

இன்று என் பிழைப்பே அதுதான். இழையின் தடிமன் 0.125 மில்லிமீட்டர், ஒளி ஓடுவது நடுவே ஏறத்தாழ 0.009 மில்லிமீட்டர் உள்ளகத்தில். அது முழு வட்டமாக அமைவதில்லை. எங்கோ ஒரு வளைவு, எங்கோ ஓர் அழுத்தம், அறைச் சூட்டில் ஒரு மாற்றம். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அனுப்பினாலும் மறுமுனையில் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி வரும். இதைத் தடுக்க, உள்ளகத்தின் இருபுறமும் வேறு வகைக் கண்ணாடித் தண்டுகளை வைத்து, இழையிலேயே பலமான இறுக்கத்தை நிரந்தரமாகப் பதிக்கிறார்கள். அந்த இறுக்கத்தின் அச்சோடு ஒளியைச் செலுத்தினால் சின்னச் சின்ன வளைவுகள் அதைக் கலைப்பதில்லை. அந்த இழையை முதலில் கையில் எடுத்த அன்று சாருக்குக் கடிதம் எழுத நினைத்தேன். எழுதவில்லை.

ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்கு நம்மை அழைத்துப்போனவரும் அவர்தானே. சரிவில் 530 மீட்டர் நீளம். அதன் 1,056 டைபோல்களும் (அலைகளை வாங்கும் சிறு ஆண்டெனாக்கள்) வடக்கு தெற்காகவே இருப்பதால் அந்தத் தளத்தில் அதிரும் அலைகளைத்தான் வாங்கும் என்று காட்டினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "படிச்சு முடிச்சு இங்க வந்து சேரணும்டா" என்றார். சரி சார் என்றேன். உதவித்தொகை கிடைத்ததும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறிவிட்டேன்.

அந்த ஸ்கேல் என்னிடம்தான் இருக்கிறது. அன்று திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. நேற்றிரவு ஒரு போலராய்டு துண்டை எடுத்து, கணினித் திரைக்கு முன் ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் மஞ்சளேறிவிட்டது. ஏழாம் சென்டிமீட்டர் அருகே இருந்த ஊதா அங்கேயே இருந்தது.