கேர்னலில் ஒரு கொமென்டைத் திருத்தப் போய்: மூன்று பதிப்பு, ஒன்பது கிழமை

லினக்ஸ் கேர்னலில் (இயங்குதளத்தின் மைய நிரலில்) கொமென்ட், அதாவது நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு, திருத்துவது லேசு, கோட்டை (நிரலை) தொடத் தேவையில்லை, புதிதாக வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். ஒரே ஒரு வரி. அது உள்ளே போக ஒன்பது கிழமையும் மூன்று பதிப்பும் எடுத்தது. போய்ச் சேர்ந்தபோது, நான் முதலில் எழுதினதற்கு நேரெதிராக இருந்தது.

விடயம் இதுதான். கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயற்பக்கம் ஒரு கிணற்றில் நீர்மட்டமானி பொருத்தியிருக்கிறோம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரு ஏடீசி சிப், அளவெடுத்து முடிந்ததும் "தயார்" என்று சொல்ல ஓர் இன்டரப்ட் வயர். அந்த வயர் கழன்றபோது மானி பிழை காட்டவில்லை, கடைசியாக எடுத்த எண்ணையே இரண்டு நாளாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்பை இயக்கும் கேர்னல் நிரலான டிரைவரைத் திறந்து பார்த்தேன். சிப்புக்காகக் காத்திருக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றின் மேல் "ரிட்டர்ன்: சரிவந்தால் 0, இல்லாவிட்டால் மறைப் பிழை எண்" என்று கொமென்ட். உள்ளே அந்த ஃபங்ஷன், வெயிட்_ஃபோர்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் தருகிற எண்ணை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அதுவோ நேரம் கடந்தால் 0 தரும். வேலை முடிந்தால் மிச்சமுள்ள ஜிஃபிகளின் (கேர்னலின் நேர அலகு) எண்ணிக்கையை, குறைந்தது 1 ஆக, நேர் எண்ணாகத் தரும். மறை எண் அதிலிருந்து வரவே வராது. பெயரின் நடுவில் 'இன்டரப்டபிள்' அல்லது 'கில்லபிள்' சேர்ந்த வடிவங்கள்தான், சிக்னல் குறுக்கிட்டால் மறை எண் தரும். ஆக, கொமென்ட் தலைகீழ். "நேரம் கடந்தால் 0, முடிந்தால் நேர் எண்" என்று திருத்தி எழுதினேன். முதல் பதிப்பு அவ்வளவுதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது, கொமென்டிலிருந்து ஆவணம் எடுக்கும் கருவியான கேர்னல்-டொக்கின் வடிவம். /** என்று தொடங்கினால் அந்தக் கொமென்டைக் கருவி வாசிக்கும். சாதாரணக் குறிப்புக்கு /* போதும். சும்மா இரண்டு நட்சத்திரம் போட்டு வைத்தால், இது கேர்னல்-டொக் இல்லையே என்று எச்சரிக்கை வரும். முதல் வரியில் ஃபங்ஷன் பெயர், ஒரு கோடு, சுருக்கம். பிறகு ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் @ போட்டு ஒரு வரி. பிறகு "கொன்டெக்ஸ்ட்:", "ரிட்டர்ன்:". எனக்குப் பிழைத்தது ரிட்டர்னில். இரண்டு மதிப்பை இரண்டு வரியில் எழுதினேன், வெளியே வரும் பக்கத்தில் இரண்டும் ஒட்டி ஒரே வாக்கியமாகிவிட்டன. அங்கே வரிமுறிவுக்கு மதிப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னொரு * போட்டுப் பட்டியலாக எழுத வேண்டும், எண்ணுக்கு முன்னால் % போட வேண்டும். இன்னொன்று: வரியின் தொடக்கத்தில் ஒரு சொல்லும் முக்காற்புள்ளியும் வந்தால் கருவி அதைப் புதுத் தலைப்பாக எடுத்துவிடும். "குறிப்பு:" என்று தொடங்குகிற பழக்கம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க முழு எச்டிஎம்எல் ஆவணத்தையும் கட்டத் தேவையில்லை. டிரைவரின் .ஓ கோப்பை மட்டும் 'மேக் டபிள்யூ=1' போட்டுக் கட்டினால் கேர்னல்-டொக் எச்சரிக்கைகளும் வந்துவிடும். பிறகு, அனுப்பப்போகும் மாற்றக் கோப்பை (பாட்ச்சை) சரிபார்க்கும் செக்பாட்ச் ஸ்கிரிப்டை --ஸ்ட்ரிக்ட் உடன் ஓட்டுங்கள்.

செக்பாட்ச் சொல்லித்தான் பெயர்ச் சிக்கலும் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு இது கட்டாயம் வரும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் அமைப்பில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், 'சைன்ட்-ஓஃப்-பை' வரியில் பின்னால் என்று இருந்தது. அனுப்புநர் பெயரும் கையொப்ப வரியும் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. முதலெழுத்து முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா என்பதை ஒருமுறை தீர்மானித்து, கிட்டிலும் மின்னஞ்சலிலும் ஒரே மாதிரி வையுங்கள். யாரென்று தெரியாமல் ஒளிந்து அனுப்ப முடியாது. அந்த வரி, இந்த வேலையைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று தருகிற உறுதிமொழி.

அனுப்புகிற கட்டத்தில்தான் வவுனியாப் பயணம். பாட்ச்சை ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். டாப் குறியெல்லாம் வெறும் இடைவெளியாகி பாட்ச் பொருந்தாமல் போகும். எச்டிஎம்எல் மடலென்றால் கேர்னல் மடற்குழுவின் சேவையகம் ஏற்கவே ஏற்காது. கிட் செண்ட்-ஈமெயில்தான் வழி. ஜிமெயிலில் அதற்கு இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும், வழக்கமான பாஸ்வேர்ட் 2022 இலிருந்து வேலை செய்யாது. இங்கே டொங்கிளில் சிக்னல் வந்து வந்து போனதால், முழு மூலக்கோப்பையும் இறக்கி பாட்ச்சையும் அனுப்பிவிட்டு வரலாம் என்று மாங்குளம், புளியங்குளம் தாண்டி வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். நான் போன நிறுவனத்தின் வலையமைப்பில், மடல் அனுப்பும் 587 ஆம் போர்ட் அடைத்திருந்தது. திறந்துவிட யாரிடம் கேட்பது என்று பொறுப்பிலிருந்தவருக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்ல மனமும் இல்லை. கிட் குளோன் (மூலக்கோப்பை வரலாற்றோடு இறக்குவது) பாதியைத் தாண்டும்போது நேரம் முடிந்தது, மூடுகிறோம் என்றார்கள். குளோன் இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. இறக்கினது அத்தனையும் போனது.

இரண்டுக்குமே வீட்டிலிருந்தபடியே வழி இருந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மூலக்கோப்புக்கு, கேர்னல் தளத்திலேயே லினக்ஸ் களஞ்சியத்தின் 'குளோன்.பண்டில்' என்று ஒரே கோப்பாக வைத்திருக்கிறார்கள். அதை டபிள்யூகெட் -சி போட்டு இறக்குங்கள். கரண்ட் போனாலும் சிக்னல் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் மூன்று இரவில் இறக்கினேன். பிறகு அந்தக் கோப்பிலிருந்து குளோன் செய்து, ஒரிஜின் முகவரியை மாற்றி, 'கிட் புல்' என்று ஒருமுறை அடித்தால் மிச்சம் வந்துவிடும். அனுப்புவதற்கு, கேர்னல் பாட்ச்களைக் கையாளும் பீ4 என்ற கருவி. 'பீ4 செண்ட் --வெப்-ஓத்-நியூ' என்று ஒருமுறை சாவியைப் பதிந்துவிட்டால், பாட்ச் சாதாரண இணையப் பக்கம் போகும் வழியாலேயே போகும். 587 தேவையே இல்லை. யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் 'பீ4 பிரெப் --ஓட்டோ-டு-சிசி' எடுத்துத் தரும். முதலில் --ரிஃப்ளெக்ட் போட்டு உங்களுக்கு மட்டும் அனுப்பி, வந்த மடலை கிட் ஏஎம் கொண்டு வேறொரு கிளையில் பொருத்திப் பாருங்கள்.

முதல் பதிப்பை அப்படி அனுப்பிப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பிரிவின் பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. ஒரேயொரு கேள்வி: பிழை கொமென்டிலா, கோட்டிலா?

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கொமென்டும் கோடும் முரண்பட்டால் கோடுதான் சரி என்று எடுத்துக்கொண்டு, ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்று பாராமலே அனுப்பியிருந்தேன். கிட் கிரெப் போட்டுப் பெயரைத் தேடினேன். மூன்று இடம். இரண்டு இடத்தில், வந்தது 0 என்றால் நேரம் கடந்தது என்று சரியாக எடுத்திருந்தார்கள். அவர்கள் கோட்டைப் படித்தவர்கள். மூன்றாவது இடத்தில், வந்தது 0 இலும் சிறியதா என்று பார்த்திருந்தார்கள். அவர் கொமென்டை நம்பினவர். நேரம் கடந்து 0 வந்தால் அது பிழை இல்லையென்று ஆகி, பஃபரில் கிடந்த பழைய எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. எங்கள் கிணற்று மானி இரண்டு நாள் காட்டினது அந்த எண்தான்.

என் முதல் பதிப்பு ஏறியிருந்தால் கொமென்ட் உண்மையாகியிருக்கும், வழு அப்படியே இருந்திருக்கும். ஆகவே கொமென்டைத் திருத்த முன் அழைப்பிடம் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஆப்ஸ் ஸ்ட்ரக்சரில் (ஃபங்ஷன்களைச் சுட்டும் பட்டியலில்) ஃபங்ஷன் பெயர் ஒட்டியிருந்தால் அதன் வழியாக அழைக்கிறவர்களையும் தேட வேண்டும். பார்த்ததைக் கொமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) செய்தியில் எழுதுங்கள். வாசிக்கிறவருக்கு வேண்டியது அந்தச் சான்றுதான்.

ஒரு வேலையைச் செய்கிற ஃபங்ஷன் 0 அல்லது மறைப் பிழை எண் தர வேண்டும் என்பது கேர்னல் எழுத்துநடை விதிகளிலேயே உண்டு. அப்படிப் பார்த்தால் பழைய கொமென்ட் சொன்னதுதான் இருக்க வேண்டிய நிலை, கோடுதான் அதற்கு வந்து சேர வேண்டும். இரண்டாம் பதிப்பில் ஃபங்ஷன் நேரம் கடந்தால் -ஈடைம்டவுட் (நேரம் கடந்த பிழைக்கான பெயர், எண் -110), இல்லாவிட்டால் 0 தரும்படி மாற்றினேன். அதிலும் இரண்டு பிழை விட்டேன்.

ஒன்று, ஃபங்ஷனை ஒரு பாட்ச்சிலும், அந்த இரண்டு அழைப்பிடத்தை அடுத்த பாட்ச்சிலும் மாற்றினேன். சின்னதாகப் பிரி என்று சொல்கிறார்களே என்று பிரித்தது. முதலாவது மட்டும் ஏறின நிலையில் அந்த இரண்டு இடமும் வெற்றியைத் தோல்வி என்று எடுக்கும். பைசெக்ட் செய்கிறவர் (எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று பாதி பாதியாகத் தேடுகிறவர்) நடுவில் வந்து நின்றால் டிரைவர் உடைந்திருக்கும். ஒவ்வொரு பாட்ச்சும் தனியாக நின்றாலும் கேர்னல் ஓட வேண்டும். மற்றது, வழு எந்தக் கொமிட்டில் வந்தது என்று சொல்லும் 'ஃபிக்சஸ்' வரி. டேட்டா மிச்சம் பிடிக்க முதலில் டெப்த் 1 இல் (கடைசி நிலையை மட்டும்) இறக்கின மூலக்கோப்பில்தான் பிளேம் (ஒரு வரி எந்தக் கொமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டிருந்தேன். அதில் வரலாறு இல்லாததால் எல்லா வரிக்கும் ஒரே கொமிட்டைக் காட்டும், முன்னால் ^ குறியோடு. அந்தக் குறியைக் கண்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பண்டில் வந்த பிறகு கிட் லொக் -எஸ் போட்டு, '0 இலும் சிறியதா' என்ற அந்தச் சோதனை முதன்முதல் எந்தக் கொமிட்டில் வந்தது என்று எடுத்து, 12 எழுத்தில் எழுதினேன்.

மூன்றாம் பதிப்பு இரண்டு பாட்ச். முதலாவதில் கோட்டுத் திருத்தம், ஃபிக்சஸ் வரியோடும், ஸ்டேபிள் (ஏற்கெனவே வெளிவந்த கேர்னல்களுக்குத் திருத்தம் சேர்க்கும் குழு) சிசியோடும். இரண்டாவதில் கொமென்ட் மட்டும்: "மறைப் பிழை எண்" என்ற பொத்தாம்பொதுச் சொல்லை எடுத்து %-ஈடைம்டவுட் என்று குறித்தேன், தூங்கக்கூடிய (நிரல் நின்று காத்திருக்கக்கூடிய) இடத்திலிருந்துதான் அழைக்கலாம் என்று கொன்டெக்ஸ்ட் வரி சேர்த்தேன். கொமென்ட் பாட்ச்சுக்கு ஸ்டேபிள் போடாதீர்கள், எழுத்துப்பிழை போன்ற சில்லறைத் திருத்தங்களை அங்கே எடுக்க மாட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறினது என்பதை --- கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் அது நிரந்தர வரலாற்றில் ஏறிவிடும்.

மிச்சம் காத்திருப்பு. ஒரு கிழமைக்குள் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம். புதுக் கேர்னல் வெளிவந்த உடன் வரும் இரண்டு கிழமை மேர்ஜ் விண்டோவில் (சேர்த்து வைத்த மாற்றங்களை அடுத்த பதிப்புக்கு எடுக்கும் காலம்) பலர் புது பாட்ச் பார்ப்பதில்லை, எனக்கு அப்படி இரண்டு கிழமை போனது. பதில் எழுதும்போது அவர்களின் வரிக்குக் கீழே, தேவையான பகுதியை மட்டும் வைத்து எழுதுங்கள்.

ஏற்றுக்கொண்டோம் என்ற மடல் ஒரு வெள்ளி இரவு வந்தது. அடுத்த நாளே புதுக் கேர்னலை ராஸ்பெரி பையில் ஏற்றி, கிணற்றடியில் அந்த இன்டரப்ட் வயரை வேண்டுமென்றே கழற்றினேன். மானியில் பழைய எண் வரவில்லை. -110 என்று வந்தது.